கோடியக்கரையில் வலசைப் பறவை நோக்கல்

கோடியக்கரை, நாகப்பட்டினம் மாவட்டத்தில் வேதாரண்யத்திற்குத் தெற்கே அமைந்துள்ள கடல்முனை. வடக்கிலிருந்து தெற்காக வரும் சோழமண்டலக் கடற்கரை இங்குதான் மேற்கே மடங்குகிறது. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' வாயிலாகப் பலருக்கு அறிமுகமான இவ்விடம் 1967இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2002இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலிலும் சேர்ந்தது.

பறவை பார்க்க ஏற்ற காலம் குளிர்காலமே எனப் பலர் எண்ணுகின்றனர். ஆனால் வருகை ஆகஸ்டு இறுதியிலேயே தொடங்கிவிடும். சைபீரியத் துந்திரப் பகுதியில் குஞ்சு பொரிக்கும் கர்லியூ சாண்ட்பைப்பர் என்ற உள்ளானை எடுத்துக்கொள்வோம். அதன் அலகு சற்றே கீழ்நோக்கி வளைந்திருக்கும். முதலில் வருபவை முதிர்ந்த பறவைகள். இனப்பெருக்கக் காலச் செந்நிறம் அவற்றின் மார்பில் திட்டுத்திட்டாக எஞ்சியிருக்கும். அவ்வாண்டுப் பிறந்த இளம் பறவைகள் பின்னரே வரும், பெற்றோர் வழிகாட்டாமல்! செப்டம்பரில் ஒரே கூட்டத்தில் பல நிறங்கள் தெரிவதைக் கண்டு, அவை வெவ்வேறு இனங்கள் எனப் புதியவர்கள் குழம்புவது இயல்பு.

அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் காட்சி மாறும். மழைநீர் சதுப்பின் உப்பைக் குறைத்து நீர்மட்டத்தை உயர்த்துகிறது. கொசு உள்ளானின் கால் ஏறத்தாழ 2 சென்டிமீட்டர்தான். நீர் ஒரு சாண் ஏறினால் அது நின்று இரை தேட முடியாது. வேறு சேற்றுத்திட்டு தேடிப் பறந்துவிடும். நெடுங்கால் பூநாரைக்கோ அந்த நீர் வசதியானது. ஆகவே நேற்று பறவைகள் நிறைந்திருந்த இடம் இன்று வெறுமையாக இருந்தால் அவை ஊரைவிட்டுப் போய்விட்டன என்று முடிவுகட்டக் கூடாது.

அதே நேரத்தில், உண்மையான குறைவும் உண்டு. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தினர் இங்கு பல்லாண்டுகளாகப் பறவைகளின் காலில் வளையமிட்டு ஆய்வு செய்கின்றனர். சிறு உள்ளான்கள் முன்போல் வருவதில்லை என்பது அவர்கள் கண்டது. சதுப்பை ஒட்டி விரிந்துள்ள உப்பளங்களில் உப்பு மிகுந்த பாத்திகள் இவற்றுக்கு இரை தருவதில்லை. 2018 நவம்பரில் வீசிய கஜா புயல் இங்குள்ள காட்டையும் சிதைத்தது.

பார்க்கச் செல்வோர் வனத்துறை அனுமதி பெற்று, காலையில் வெயில் முதுகில் படும்படி நிற்க வேண்டும். தொலைநோக்கி போதும், படமெடுக்க நெருங்குவது தவறு. நெடும்பயணம் முடித்த பறவை உடற்கொழுப்பைச் செலவழித்து மெலிந்தே வந்திருக்கும். ஒவ்வொரு முறை விரட்டப்படும்போதும் அது எஞ்சிய கொழுப்பையும் இரை தேடும் நேரத்தையும் இழக்கிறது. கூட்டம் தலைநிமிர்ந்து இரை கொத்துவதை நிறுத்தினால், அங்கிருந்து மெல்லப் பின்வாங்க வேண்டும்.