'இதுவரை போல'ன்னா என்ன பாஸ்?

அனகாபுத்தூர்ல நாலு ஃப்ரெண்ட்ஸ் சேர்ந்து ஒரு போர்ஷன் பிடிக்கிறீங்க. அக்ரிமென்ட்ல ஒரு வரி: 'மொட்டைமாடியை இதுவரை போலவே பயன்படுத்தலாம்.' துணி காயப்போட்டப்ப ஹவுஸ் ஓனர் ஒண்ணும் சொல்லலை. ராத்திரி பாய் விரிச்சு கம்பைன் ஸ்டடி ஆரம்பிச்சதும் மேலே ஏறி வந்துட்டார். "இதுவரை போலன்னா துணி காயப்போட மட்டும்தான் தம்பி!" "இல்ல சார், முன்னாடி இருந்த பசங்க இங்கேதானே படுத்தாங்க?" யார் பக்கம் நியாயம்?

சிரிக்காதீங்க. கச்சத்தீவு விஷயத்துல ரெண்டு நாடு அரை நூற்றாண்டா இதே சண்டையைத்தான் போட்டுக்கிட்டு இருக்கு.

285 ஏக்கர் தீவு. 1974 ஜூனில் இந்திரா காந்தியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் போட்ட ஒப்பந்தப்படி அது எல்லைக்கோட்டுக்கு அந்தப் பக்கம், இலங்கைக்குப் போச்சு. ஆனால் 5-வது பிரிவு, இந்திய மீனவர்களும் யாத்ரீகர்களும் இதுவரை போலவே விசா இல்லாமல் தீவுக்கு வந்துபோகலாம் என்கிறது. 6-வது பிரிவு, இரு நாட்டுப் படகுகளுக்கும் அடுத்தவர் கடலில் பாரம்பரிய உரிமை தொடரும் என்கிறது.

'மீன் பிடிக்கலாம்' என்ற வார்த்தையைத் தேடாதீங்க. இல்லை! வலை உலர்த்தலாம், ஓய்வெடுக்கலாம், அந்தோணியார் திருவிழாவுக்குப் போகலாம், அவ்வளவுதான் என்பது ஒரு வாசிப்பு. மீனவன் அந்தக் கடலுக்கு மீன் பிடிக்காம வேற எதுக்குப் போனான் என்பது இன்னொரு வாசிப்பு.

இதுக்கு ரூல் இருக்கா? இருக்கு. 1969 வியன்னா உடன்படிக்கையின் 31-வது பிரிவு. நல்லெண்ணத்தோடு, சொல்லின் இயல்பான அர்த்தத்தை, அது வரும் இடத்தையும் ஒப்பந்தத்தின் நோக்கத்தையும் வைத்துப் பார்க்கணும். ஒப்பந்தத்துக்குப் பிறகு இரு தரப்பும் செய்துகொண்ட உடன்பாடுகளும் கணக்கில் வரும். இந்தியா அதில் சேரவில்லை என்றாலும், இந்த விதியை எல்லா நாட்டுக்கும் பொதுவான வழக்கச் சட்டமாகவே சர்வதேச நீதிமன்றம் பார்க்கிறது.

அந்த 'பிறகு'தான் நமக்கு வில்லன். 1976 மார்ச்சில் பரிமாறிய கடிதங்கள், அனுமதி இல்லாமல் ஒருவர் கடலில் மற்றவர் மீன் பிடிக்கக்கூடாது என்று பட்டவர்த்தனமாகச் சொல்கின்றன. 'அந்த வருஷ ஒப்பந்தம் மன்னார் வளைகுடாவுக்கும் வங்காள விரிகுடாவுக்கும்தானே, பாக் நீரிணையில் இருக்கும் கச்சத்தீவை அது எப்படிக் கட்டுப்படுத்தும்?' என்பது நம்ம பக்க வாதம். கெட்டிக்கார வாதம்தான். ஆனால் கடித வாசகம் இலங்கையின் கடல் முழுக்கப் பேசுதே!

என்னைக் கேட்டால் ரொம்பக் கஷ்டமான வார்த்தை 'பாரம்பரியம்'. நாட்டுப்படகு பாரம்பரியம், சரி. கடலடியை வாரிக்கொண்டு போகும் இழுவைப்படகு? அதுல வலை அறுபட்டுப் புலம்புறவங்க யாழ்ப்பாணத்துத் தமிழ் மீனவர்கள். 2017-ல் இலங்கை இழுவைமடியைச் சட்டம் போட்டே தடை செய்தது.

ஹவுஸ் ஓனரையாவது கோர்ட்டுக்கு இழுக்கலாம். இங்கே அதுவும் கஷ்டம். காமன்வெல்த் நாடுகளோடு வரும் வழக்குகளுக்கு சர்வதேச நீதிமன்றத்தின் அதிகாரத்தை ஏற்கமாட்டோம்னு இந்தியா எழுதிக் கொடுத்திருக்கு. 2000-ல் பாகிஸ்தான் போட்ட விமான வழக்கு இதே காரணத்தால் வாசலிலேயே திரும்பியது. இலங்கையும் காமன்வெல்த்தான்.

ஆக, மிச்சம் இருப்பது பேச்சுவார்த்தை மேஜை. அதுவரை ராமேஸ்வரத்துப் படகு பிடிபட்டால், 'இதுவரை போல'க்கு அர்த்தம் சொல்வது இலங்கை மாஜிஸ்திரேட்தான்.