நண்டு நெபுலாவின் திடீர்ச் சீற்றம்

ரிஷப ராசியில், சுமார் 6,500 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது நண்டு நெபுலா. 1054-இல் சீன வானியலர்கள் பட்டப்பகலில் 23 நாள் கண்டு குறித்துவைத்த சூப்பர்நோவா என்னும் விண்மீன் வெடிப்பின் மிச்சம் அது. அதன் நடுவே, சுமார் 20 கிலோமீட்டர் அகலமே உள்ள பல்சார் (சுழலும் நியூட்ரான் விண்மீன்) ஒன்று விநாடிக்கு ஏறத்தாழ 30 முறை சுழல்கிறது. அந்தச் சுழற்சி சிறுகச் சிறுகத் தளரும்போது வெளிப்படும் ஆற்றல், சூரியன் உமிழ்வதைப் போல ஒரு லட்சம் மடங்குக்கும் மேல். நெபுலா இன்றும் ஒளிர்வது இந்த வரவில்தான்.

இந்த ஒளி கூடாது, குறையாது என்றே நம்பியிருந்தார்கள். எக்ஸ் கதிர் வானியலில் மற்றவற்றின் பிரகாசத்தை ‘இத்தனை நண்டு’ என்று அளக்கும் வழக்கமே உண்டு. 2010 செப்டம்பரில் இத்தாலியின் ஏஜைல் செயற்கைக்கோள் அந்த நம்பிக்கையைக் குலைத்தது. நெபுலாவின் காமா கதிர் வீச்சு சட்டென எகிறி, சில நாளில் அடங்கியது. நாசாவின் ஃபெர்மி செயற்கைக்கோளும் அதை உறுதிசெய்தது. 2011 ஏப்ரலில் வந்தது இன்னும் பெரிய சீற்றம். சில மணி நேரத்திலேயே பிரகாசம் இரட்டித்தது.

அந்தச் ‘சில மணி நேரம்’ முக்கியமான துப்பு. ஒரு பொருளை ஒளி கடக்க எடுக்கும் நேரத்தைவிட வேகமாக அது முழுவதும் சேர்ந்து மாற முடியாது. எனவே சீறிய இடம் ஏறக்குறைய நம் சூரியக் குடும்பத்தின் அளவுதான் இருக்கும். நெபுலாவோ பத்து ஒளியாண்டுக்கு மேல் அகன்றது. அதற்குள் அந்த இடம் எங்கே? காமா தொலைநோக்கிகளின் பார்வை மங்கல். நெபுலா மொத்தமும் அவற்றுக்கு ஒரே புள்ளி. கூர்மையான பார்வைக்கு ரேடியோவிடம் போகவேண்டும்.

நியூ மெக்சிகோவின் விஎல்ஏ ரேடியோ நிலையத்தில், 25 மீட்டர் விட்டமுள்ள 27 தட்டுகள் தண்டவாளத்தில் நகர்ந்து, 36 கிலோமீட்டர் வரை பரந்து, ஒரே தொலைநோக்கியாக வேலை செய்கின்றன. 2011 சீற்றத்தின்போது அதுவும், சந்திரா எக்ஸ் கதிர் தொலைநோக்கியும், ஹவாயின் கெக் தொலைநோக்கியும் நெபுலாவைக் கவனித்தன. சீற்றத்தோடு ஒட்டிய மாற்றம் எதுவும் தெளிவாகத் தென்படவில்லை.

இதைத் தோல்வி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. காமா, ரேடியோ இரண்டுமே காந்தப்புலத்தில் சுருண்டோடும் எலெக்ட்ரான்கள் உமிழ்பவைதான். ஆனால் சீற்றத்தின் காமா கதிருக்குக் காரணமான எலெக்ட்ரான்கள், ஜெனீவாவின் பெரிய துகள் முடுக்கி ஒரு புரோட்டானுக்குத் தருவதைப் போல நூறு மடங்குக்கும் மேற்பட்ட ஆற்றல் கொண்டவை. சில நாளிலேயே அதை இழந்துவிடும். ரேடியோ எலெக்ட்ரான்கள் சாதுவானவை, நெடுநாள் வாழ்பவை. நூற்றாண்டுக் கணக்கில் சேர்ந்திருக்கும் அவற்றோடு புதிதாகச் சில கலப்பது, தேர்த் திருவிழாக் கூட்டத்தில் இன்னும் நாலு பேர் நுழைவது போலத்தான்.

ஒருவேளை சீற்றம் தாழ்ந்த ஆற்றல் எலெக்ட்ரான்களையும் ஏராளமாகக் கொட்டியிருந்தால், ரேடியோவிலும் அது தெரிந்திருக்கும். தெரியவில்லை என்பதால், சிறிதளவு துகள்களை மட்டும் உச்ச ஆற்றலுக்கு விரட்டும் ஏதோ ஒன்று அங்கே நடக்கிறது என்று கொள்ளலாம். காந்தப்புலக் கோடுகள் அறுந்து மறுபடி இணையும்போது, புலத்தின் ஆற்றல் துகள்களுக்குள் பாய்வதே அது என்பது இன்று பலரும் ஏற்கும் விளக்கம்.