சாதாரண சைக்கிள் மின்சார சைக்கிளாகிறது: ஹப் மோட்டார் கிட் ஒரு விளக்கம்

கம்ப்யூட்டர் இதழில் சைக்கிளுக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். உங்கள் கம்ப்யூட்டரின் ப்ராசசர் மீது சுழலும் சிறிய ஃபேனும், சைக்கிள் சக்கரத்தின் நடுவில் பொருத்தப்படும் ஹப் மோட்டாரும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. லேப்டாப் பேட்டரிகளில் பல ஆண்டுகளாகப் பயன்பட்டு வந்த உருளை வடிவ லித்தியம் செல்கள்தான் பெரும்பாலான மின்சார சைக்கிள்களின் பேட்டரியிலும் இருக்கின்றன. எனவே கம்ப்யூட்டரைப் புரிந்து கொள்ளத் தொடங்கியவர்களுக்கு இது எளிதாகவே புரியும்.

வாலாஜாபாத்திற்கும் காஞ்சிபுரத்திற்கும் இடையே சுமார் 15 கி.மீ. தூரம். அய்யம்பேட்டை, முத்தியால்பேட்டை என்று வழியெங்கும் நெசவாளர் குடும்பங்கள். எங்கள் சித்தப்பாவும் பட்டு நெய்பவர். வாரம் இரண்டு முறை வாலாஜாபாத்திலிருந்து காஞ்சிபுரம் போய்ச் சேலையைக் கொடுத்து, பட்டு வாங்கி வருவார். மூட்டு வலி வந்த பிறகு சைக்கிள் மிதிக்க முடியவில்லை. பஸ்சுக்குக் காத்திருந்தால் அரை நாள் தறி சும்மா நிற்கிறது. "மொபெட் வாங்குவதா, இருக்கிற சைக்கிளிலேயே மோட்டார் போடுவதா? நீ கம்ப்யூட்டர்ல கணக்குப் போட்டுச் சொல்லுப்பா" என்றார். அவருக்காகத் திரட்டிய விவரங்களையே இங்கு தருகிறேன்.

ஹப் மோட்டார் என்றால் என்ன?

சக்கரத்தின் நடுப்பகுதிக்கு ஹப் என்று பெயர். அதற்குள்ளேயே மோட்டாரை வைத்துவிட்டால் அது ஹப் மோட்டார். இது புதிய எண்ணம் அல்ல. அமெரிக்காவைச் சேர்ந்த ஆக்டன் போல்டன் என்பவர் பின் சக்கர ஹப்பில் மோட்டார் கொண்ட சைக்கிளுக்கு 1895-லேயே காப்புரிமை பெற்றார். நல்ல பேட்டரிதான் அன்று இல்லை. நம் மாநிலத்தில், கோவையில் 2008-ல் தொடங்கப்பட்ட ஆம்பியர் நிறுவனம் ஆரம்பத்தில் மின்சார சைக்கிள்களையும் தயாரித்தது.

இந்த மோட்டாரில் அச்சும் அதைச் சுற்றியுள்ள கம்பிச் சுருள்களும் அசையாமல் நிற்கும். காந்தங்கள் ஒட்டப்பட்ட வெளிப்பகுதி சுழலும். கம்ப்யூட்டர் ஃபேனிலும் இதே அமைப்புதான். காந்தம் இப்போது எந்த இடத்தில் உள்ளது என்பதை ஹால் சென்சார் என்னும் சிறு சிப் கண்டறிந்து சொல்லும். அதற்கேற்பக் கன்ட்ரோலர் அடுத்த சுருளுக்கு மின்சாரத்தைத் திருப்பிவிடும். கன்ட்ரோலரைச் சைக்கிளின் ப்ராசசர் என்று கொள்ளலாம்.

ஹப் மோட்டாரில் இரண்டு வகை உண்டு. உள்ளே பல்சக்கரங்கள் கொண்ட கியர் வகை எடை குறைவு. மின்சாரம் இல்லாதபோதும் எளிதாக மிதிக்கலாம். பல்சக்கரம் இல்லாத நேரடி வகை கனமானது. ஆனால் தேயும் பாகங்கள் குறைவு. மூட்டு வலி உள்ளவருக்கு, வழியில் பேட்டரி தீர்ந்தாலும் மிதித்து வீடு வர வேண்டும் என்பதால், கியர் வகையே ஏற்றது.

கிட்டில் என்னென்ன இருக்கும்?

மோட்டார் கோத்த சக்கரம், கன்ட்ரோலர், கைப்பிடியில் முறுக்கும் த்ராட்டில், பெடல் சுற்றுவதை உணரும் சென்சார், பிரேக் பிடித்தவுடன் மோட்டாரை நிறுத்தும் பிரேக் லீவர்கள் ஆகியவை பொதுவாக இருக்கும். பேட்டரியும் சார்ஜரும் பெரும்பாலும் தனியாக வாங்க வேண்டியிருக்கும். விலை கேட்கும்போது இதைத் தெளிவாகக் கேட்டுக் கொள்ளவும்.

பழைய சைக்கிளில் கவனிக்க வேண்டியவை

நம் ஊர் கறுப்பு 28 இஞ்ச் சைக்கிளில்தான் சிக்கல் அதிகம்.

1. அந்த வண்டிகளில் முன் சக்கரத்துக்கு 32, பின் சக்கரத்துக்கு 40 ஸ்போக்ஸ் கம்பிகள் இருப்பது வழக்கம். ஹப் மோட்டார்களில் பெரும்பாலும் 36 துளைகள். எனவே பழைய ரிம்மில் மோட்டாரைக் கோக்க முடியாது. ரிம்முடன் சேர்ந்த சக்கரமாகவே வாங்க வேண்டும்.

2. பழைய கம்பி பிரேக்கின் கட்டைகள் ரிம்மின் உட்புறத்தை அழுத்துபவை. கிட்டுடன் வரும் ரிம் பக்கவாட்டில் பிடிக்கும் கேபிள் பிரேக்குக்காகச் செய்யப்பட்டது. பிரேக்கையும் மாற்றாமல் மோட்டார் போடக் கூடாது. வேகமும் எடையும் கூடும் வண்டிக்கு இரண்டு பிரேக்கும் ஒழுங்காக வேலை செய்ய வேண்டும்.

3. முன் சக்கர மோட்டாருக்குப் பொதுவாக ஃபோர்க்கின் உட்புற இடைவெளி 100 மி.மீ. வேண்டும். அளந்து பார்க்கவும். மோட்டாரின் அச்சு சாதாரண அச்சைவிடத் தடிமனானது.

4. மோட்டார் சக்கரத்தை முன்னோக்கித் தள்ளும்போது அச்சைப் பின்னோக்கித் திருகும். நட்டு தளர்ந்தால் அச்சு சுழன்று ஒயர்களை அறுத்து, சக்கரமே கழன்றுவிடலாம். இதைத் தடுக்க டார்க் ஆர்ம் என்னும் இரும்புப் பட்டையை அச்சுக்கும் ஃபோர்க்குக்கும் சேர்த்துப் பூட்ட வேண்டும். இதைத் தவிர்க்கவே கூடாது.

சித்தப்பாவிடம் இரண்டு சைக்கிள்கள் இருந்தன. கறுப்பு வண்டியை விட்டுவிட்டு, மகன் ஓட்டி வைத்திருந்த கேபிள் பிரேக் சைக்கிளைத் தேர்ந்தெடுத்தோம். சக்கரம் மாட்டும் வேலையைச் சைக்கிள் கடைக்காரர் செய்தார். ஒயர் இணைப்பு கம்ப்யூட்டர் கேபினட்டுக்குள் இணைப்பது போலத்தான். மோட்டாருக்குச் செல்லும் தடித்த ஒயர்கள் மூன்று. ஹால் சென்சாருக்கு மெல்லிய ஒயர்கள் ஐந்து. கனெக்டர்கள் ஒரு பக்கமாக மட்டுமே நுழையும். பலமாக அழுத்த வேண்டாம். பேட்டரியைக் கடைசியில் இணைக்கவும். பிளஸ், மைனஸ் மாறினால் கன்ட்ரோலர் எரிந்துவிடும்.

எக்செல்லில் ஒரு கணக்கு

இப்போது கம்ப்யூட்டரை ஆன் செய்து எக்செல்லைத் திறந்திடவும். ஒரு செல்லில் பேட்டரியின் வோல்ட் அளவு 36 என டைப் செய்திடவும். அதன் கீழ் ஆம்பியர்-மணி 13 என டைப் செய்திடவும். அடுத்த செல்லில் சமக் குறி இட்டு, முதல் செல்லில் மவுஸால் கிளிக் செய்து, நட்சத்திரக் குறி இட்டு, இரண்டாவது செல்லில் கிளிக் செய்து என்டர் தட்டவும். 468 என வரும். இது பேட்டரியில் உள்ள வாட்-மணி. ஒப்பிட்டுப் பார்க்க, வீட்டு யுபிஎஸ்ஸில் இருக்கும் 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பேட்டரியில் 84 வாட்-மணிதான்.

பேட்டரியை முழுவதும் காலி செய்யாமல் 80 சதவீதம் பயன்படுத்துவதாகக் கொள்வோம். சமதளச் சாலையில் லேசாக மிதித்துக்கொண்டே போனால் கி.மீ.க்கு 12 வாட்-மணி என்று கணக்கிடலாம். 468-ஐ 0.8-ஆல் பெருக்கி 12-ஆல் வகுத்தால் 31 கி.மீ. காஞ்சிபுரம் போய் வரச் சரியாக இருக்கும். மிதிக்காமல் த்ராட்டிலை மட்டும் முறுக்கினாலும், எதிர்காற்று வீசினாலும் தூரம் குறையும்.

அடுத்து செலவு. ஒரு யூனிட் 8 ரூபாய் என்றும், சார்ஜரில் 15 சதவீதம் வீணாகும் என்றும் வைத்துக் கொண்டால் மின்சாரச் செலவு கி.மீ.க்கு 11 பைசா. விற்பவர்கள் இத்துடன் நிறுத்திக் கொள்வார்கள். ஆனால் பேட்டரியும் தேய்கிறது அல்லவா? பேட்டரி விலை 15,000 ரூபாய், 500 முறை சார்ஜ் தாங்கும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். 500-ஐ 31-ஆல் பெருக்கினால் 15,500 கி.மீ. அப்படியானால் பேட்டரித் தேய்மானம் மட்டும் கி.மீ.க்கு 97 பைசா. மின்சாரத்தைவிட இது ஏறக்குறைய ஒன்பது மடங்கு!

லிட்டருக்கு 50 கி.மீ. தரும் மொபெட்டுக்கு, பெட்ரோல் 100 ரூபாய் என்றால் கி.மீ.க்கு 2 ரூபாய். சித்தப்பா ஆண்டுக்குச் சுமார் 3,000 கி.மீ. போகிறார். ஆக, எரிபொருளில் மிச்சம் ஆண்டுக்கு 3,000 ரூபாய்க்குள்தான். உண்மையான லாபம் மொபெட்டின் விலையும் இன்சூரன்ஸும் மிச்சமாவதில் இருக்கிறது. தினமும் 2 கி.மீ. மட்டும் போகிறவருக்கு இந்தக் கிட் பணரீதியாக லாபமில்லை. மேலே உள்ள விலைகள் எடுத்துக்காட்டுக்கே. உங்கள் ஊர் விலைகளை அந்தந்தச் செல்களில் மாற்றினால் போதும். விடை தானாக மாறிக்கொள்ளும்.

சட்டம் என்ன சொல்கிறது?

மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, மோட்டாரின் 30 நிமிட சக்தி 250 வாட்டுக்குக் குறைவாகவும், அதிகபட்ச வேகம் மணிக்கு 25 கி.மீ.க்குக் குறைவாகவும் இருந்தால், பெடல் உள்ள மின்சார சைக்கிள் மோட்டார் வாகனமாகக் கருதப்படாது. லைசென்ஸும் பதிவு எண்ணும் தேவையில்லை. 500 வாட், 1000 வாட் கிட்களும் கடைகளில் கிடைக்கும். அவற்றைப் பொருத்தினால் இந்த விலக்கு போய்விடும்.

பேட்டரியில் எச்சரிக்கை

பேட்டரிக்குள் பிஎம்எஸ் என்னும் பாதுகாப்பு போர்டு உள்ளதா என்று உறுதி செய்யவும். 36 வோல்ட் பேட்டரி முழு சார்ஜில் 42 வோல்ட் காட்டும். அதற்கென உள்ள சார்ஜரையே பயன்படுத்தவும். லேப்டாப் சார்ஜரோ யுபிஎஸ்ஸோ உதவாது. வெயிலில் ஓட்டி வந்தவுடன் சார்ஜ் போடாமல் ஆறவிடவும். எல்லோரும் தூங்கும் நேரத்தில் சார்ஜ் போட வேண்டாம். வீங்கிய அல்லது அடிபட்ட பேட்டரியைத் தொடர்ந்து பயன்படுத்தாதீர்கள்.

நெசவு நடக்கும் வீடுகளுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். தறியும் பட்டும் நூலும் இருக்கும் அறையில் பேட்டரியைச் சார்ஜ் செய்யவே கூடாது. லித்தியம் பேட்டரி தீப்பிடித்தால் அணைப்பது கடினம். பல மாத உழைப்பு ஒரு நொடியில் போய்விடும். வெளியே திண்ணையிலோ, நிழலான சிமென்ட் தரையிலோ, கண் பார்வையில் வைத்துச் சார்ஜ் செய்யவும்.

கிட் வாங்கும் முன் உங்கள் சைக்கிளின் ரிம் அளவு, ஃபோர்க் இடைவெளி, பிரேக் வகை, தினசரி தூரம் ஆகிய நான்கையும் ஒரு தாளில் குறித்து எடுத்துச் செல்லுங்கள். இந்த நான்கையும் கேட்காமல் கிட்டை விற்க முன்வரும் கடையில் வாங்க வேண்டாம்.