நரம்புறை நோயும் வளர்ந்த மண்ணும்

ஜான் டெய்லர் கம்பெனியார் 1880இல் கோலார் தங்கவயலில் கால்வைத்த பின்னர், இங்கிலாந்தின் கார்ன்வாலிலிருந்து வந்த வெள்ளையரும், வடாற்காட்டிலிருந்து வந்து லைன் வீடுகளில் குடியேறிய தமிழரும் ஒரே சுரங்கத்தில் இறங்கி உழைத்தனர். ஆயினும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்னும் நரம்பு வியாதியோ, அவ்விரு ஜனங்களின் பூர்விக தேசங்களிலும் ஒரே அளவில் காணப்படுவதன்று.

மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள நரம்பிழைகளைப் போர்த்திய மயலின் உறையை, உடலைக் காக்கவேண்டிய அணுக்களே தாக்கிச் சிதைப்பதால், மேலுறை கிழிந்த செப்புக் கம்பிபோல நரம்பின் செய்தி தடுமாறுகிறது. 1868இல் பாரிஸ் வைத்தியர் ஷார்கோ இதனைத் தெளிவாக வகுத்துரைத்தார். பெரும்பாலும் இளம்பெண்களுக்கே வரும் இது, ஒரு கண் சில நாளில் மங்கி, விழியை அசைக்குந்தோறும் வலிப்பதாகத் தொடங்கலாம். வாரங்களில் தெளிந்த பார்வை, வெந்நீரில் குளித்தெழுந்தவுடன் மறுபடியும் சிறிது நேரம் மங்குவதுண்டு. பின்னொரு சமயம் கால்கள் மரத்துப்போகும்.

ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஆர்க்னி தீவுகளில் லட்சத்துக்குச் சுமார் 400 பேருக்குள்ள இந்நோய், நம் மங்களூரில் எட்டுச் சொச்சம் பேருக்கே காணப்பட்டது. பம்பாயில் மற்றவரிடம் குறைவாயிருக்க, பார்சிகளிடையே லட்சத்துக்கு இருபதுக்கு மேல் என்பதால், ஒரே ஊர், ஒரே வெயில் என்றிருந்தும் வம்சத்துக்குப் பங்குண்டென்பது விளங்கும். ஆனால் வம்சமே முழுக்காரணம் அன்று. நம் நாட்டிலிருந்து பிரிட்டனுக்குக் குடிபெயர்ந்தோரிடம் இந்நோய் அரிதாயிருக்க, அங்கே பிறந்த அவர்தம் பிள்ளைகளிடம் அந்நாட்டார் அளவை நெருங்கியதை, ஜெஃப்ரி டீன் முதலியோர் 1990இல் எடுத்துக்காட்டினர். இளமைக்கால வெயிலும், எப்ஸ்டீன்–பார் வைரஸ் எந்த வயதில் தொற்றுகிறது என்பதும் சேர்ந்தே இதை நிர்ணயிக்கின்றன என்பது என் அபிப்பிராயம். அமெரிக்கப் படைவீரர்களை ஆராய்ந்து 2022இல் வெளியான முடிவு, அத்தொற்றுக்குப் பின்னரே நோய் பெருகுவதைக் காட்டியது. நெருக்கமான லைன் வீடுகளில் வளரும் குழந்தைகளையோ அது வெகு சிறுவயதிலேயே தீண்டிச் சாதாரணமாகப் போய்விடும். சுரங்க இருளில் பகலைக் கழித்தவனும் பால்யத்தை வெயிலில்தானே கழித்தான்!

நம்மவர் முக்கியமாக அறியவேண்டியது மற்றொன்றுண்டு. இதே சாயலில் கண்ணையும் தண்டுவடத்தையும் தாக்கும் டெவிக் நோயை, அக்வாபோரின்-4 என்னும் புரதத்தை எதிர்க்கும் பொருளை இரத்தத்தில் தேடிப் பெரும்பாலும் பிரித்தறியலாம் என்பது 2004 முதல் தெளிவாயிற்று. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸுக்குத் தரும் இன்டர்ஃபெரான் மருந்து டெவிக் நோயை மோசமாக்கவும் கூடும். ஆகவே 2001இல் சுரங்கம் மூடியபின் பிழைப்புக்காக மாரிக்குப்பத்தில் ரயிலேறிப் பெங்களூர் செல்லும் குடும்பங்களில் எவருக்கேனும் கண் மங்கிக் கால் மரத்தால், சிகிச்சை தொடங்குமுன் அந்த இரத்தப் பரிசோதனையை வைத்தியரிடம் கேட்டுச் செய்துகொள்ள வேண்டும்.