படத்தைப் பகிருங்கள்... கூட்டின் முகவரியை அல்ல!

விடுமுறை முடிந்து ஊர் திரும்பும் ரயிலிலேயே அந்த வேலை தொடங்கிவிடுகிறது. தனுஷ்கோடியின் நீலக்கடல், பழவேற்காடு ஏரியின் பூநாரைகள், கோடியக்கரையின் வெளிமான்கள் என்று நாற்பது, ஐம்பது படங்கள் ஃபேமிலி குரூப்பில் வந்து விழும். 'சூப்பர்', 'செம', 'இது எந்த இடம்?' என்று பதில்கள் குவியும்.

அந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லும் முன் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

கடலையும் கலங்கரை விளக்கத்தையும் எங்கே எடுத்தோம் என்று சொல்வதில் தவறே இல்லை. கோடியக்கரை 1967-லிருந்து சரணாலயம், ஊரறிந்த இடம். ஆனால், படத்தில் இருப்பது ஒரு பறவையின் கூடு என்றால் கதையே வேறு.

மணலே வீடு

ஆலா, உப்புக்கொத்தி போன்ற பறவைகள் கடற்கரையில் மரம் தேடுவதில்லை. வெறும் மணலில் சின்னக் குழி பறித்து முட்டையிடுகின்றன. முட்டையும் கிட்டத்தட்ட மணல் நிறம்தான். கண்ணுக்குத் தெரியாமல் இருப்பதுதான் அதற்குப் பாதுகாப்பு.

அவை முட்டையிடும் கோடைதான் நம் பிள்ளைகளுக்கும் விடுமுறைக் காலம். தாய்ப்பறவை முட்டைமீது உட்கார்ந்திருப்பது சூடு கொடுக்க மட்டுமல்ல, உச்சி வெயிலில் நிழல் கொடுக்கவும்தான். ஆள் நெருங்கினால் அது எழுந்து பறந்துவிடும். வெயிலில் முட்டை கெட்டுப்போகலாம். காகமோ நாயோ தூக்கிச் செல்லலாம். ஒருவர் வந்துபோனால் பறவை திரும்பி வந்துவிடும். லொகேஷனைப் பார்த்து நாள் முழுக்க ஆட்கள் வந்துகொண்டே இருந்தால்?

படம் பழக்கத்தையும் சொல்லித்தரும்

நட்சத்திர மீனை உள்ளங்கையில் ஏந்திய படத்துக்கு லைக் குவிந்தால், அடுத்து போகிறவரும் அதையே செய்வார். தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனைச் சுவாசிக்கும் உயிர் அது. வெளியே எடுத்தால் மூச்சுத் திணறும். பூநாரைக் கூட்டம் பறப்பதைப் படமெடுக்கப் படகை நெருக்கமாக ஓட்டச் சொல்வதும் இப்படித்தான். இரை தேட வேண்டிய நேரத்தில் அவை பயந்து பறந்து களைத்துப்போகும்.

சென்னைக் கடற்கரையில் ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் இரவில் கரையேறி முட்டையிடுகின்றன. பொரிந்து வரும் குஞ்சுகள் வெளிச்சத்தை வைத்தே கடலின் திசையை அறிகின்றன. செல்போன் டார்ச் அடித்தால் அவை வழி தவறும். இந்த ஆமைகள் 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை. முட்டையை எடுப்பதும் குற்றம்.

அனுப்பும் முன்...

* கேமரா செட்டிங்ஸில் லொகேஷனை அணைத்துவிட்டுப் படமெடுங்கள்.
* வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் லொகேஷன் விவரம் நீங்கிவிடும். 'டாக்குமென்ட்' ஆக அனுப்பினால் அதுவும் சேர்ந்தே போகும்.
* கூடு, முட்டை, குஞ்சு இருக்கும் படங்களை அந்தப் பருவம் முடிந்த பிறகு பகிருங்கள்.
* தொலைவில் இருந்தே ஜூம் செய்யுங்கள். ஃபிளாஷ் வேண்டாம்.

முகவரி பயன்படும் இடம்

எடுத்த இடமும் தேதியும் உண்மையிலேயே உதவும் தளங்களும் உண்டு. பறவைகளுக்கு இ-பேர்ட், எல்லா உயிர்களுக்கும் ஐநேச்சுரலிஸ்ட். இரண்டும் இலவசம். நீங்கள் பதிவேற்றும் ஒரு படம், எந்த உயிர் எந்த மாதத்தில் எங்கே தென்பட்டது என்ற தகவலாக ஆய்வாளர்களுக்குப் போய்ச் சேரும். அழியும் நிலையில் உள்ள உயிரினம் என்றால், அதன் சரியான இடத்தை ஐநேச்சுரலிஸ்ட் தானாகவே மறைத்துவிடும். மற்ற உயிர்களுக்கும் இடத்தை மறைக்கும் வசதியை நாமே தேர்வு செய்யலாம்.

'இது எந்த இடம்?' என்று சித்தப்பாவோ தோழியோ கேட்டால், 'பழவேற்காடு பக்கம்' என்ற பதிலே போதும். அவர்களுக்கு ஊர் தெரியும். பறவைக்கு வீடு மிஞ்சும்.