செங்கல்லா, ஃபிளை ஆஷ் கல்லா, ஏஏசி பிளாக்கா... உண்மையில் எது ‘பசுமை’?

வீடு கட்டப் போகிறவர்களிடம் இன்ஜினீயர் சீக்கிரமே கேட்டுவிடும் கேள்வி இது: “சுவருக்குச் செங்கல் போடலாமா, ஃபிளை ஆஷ் கல்லா, இல்லை ஏஏசி பிளாக்கா?” விலையையும் பலத்தையும் நாம் நன்றாகவே விசாரிக்கிறோம். ‘சுற்றுச்சூழலுக்கு எது நல்லது?’ என்று வந்தால் மட்டும், விற்பவர் ஒட்டிய ‘ஈகோ ஃபிரெண்ட்லி’ ஸ்டிக்கரை நம்புவதோடு சரி. இதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. பெயர் வாழ்க்கைச் சுழற்சி மதிப்பீடு, சுருக்கமாக எல்சிஏ.

அது என்ன கணக்கு?

மண் வெட்டுவது, கல் அறுப்பது, சூளையில் சுடுவது, லாரியில் ஏற்றுவது, சுவராக நிற்பது, கடைசியில் இடித்துக் கொட்டுவது என ஒவ்வொரு கட்டத்திலும் எவ்வளவு எரிபொருள், தண்ணீர், மண் செலவானது, எவ்வளவு புகை வெளியேறியது என்று கூட்டுவதுதான் எல்சிஏ. ஐஎஸ்ஓ 14040, 14044 ஆகிய சர்வதேசத் தரநிலைகள் இதற்கு நான்கு படிகளைச் சொல்கின்றன: எதற்காக, எதுவரை கணக்கிடுகிறோம் என எல்லை வகுப்பது, தரவு திரட்டுவது, பாதிப்பை அளவிடுவது, முடிவுக்கு வருவது.

முதல் படியில்தான் பலரும் சறுக்குகிறார்கள். ஒரு செங்கல்லையும் ஒரு ஏஏசி பிளாக்கையும் நேருக்கு நேர் ஒப்பிடக் கூடாது. 600 x 200 x 200 மில்லிமீட்டர் பிளாக் ஒன்று நிற்கும் இடத்தில் சுமார் பத்து செங்கல் போகும். ஆகவே ஒப்பிட வேண்டியது ஒரு சதுர மீட்டர் சுவரை. இடையில் பூசும் கலவையும் அதில் சேரும்.

சூளைதான் முக்கியம்

சுட்ட செங்கல்லின் கணக்கில் பெரும் பங்கு சூளைக்குத்தான். நாட்டுச் சூளையில் ஒரு கிலோ கல் வேக சுமார் 3 மெகாஜூல் வெப்பம் ஆகும். ‘ஜிக்ஜாக்’ சூளைக்குச் சுமார் 1.1 மெகாஜூல் போதும். கற்களை அடுக்கும் விதத்தால் சூடான காற்று வளைந்து வளைந்து போகிறது. வெப்பம் வீணாகாமல் கல்லில் இறங்குகிறது, நிலக்கரியும் முழுதாக எரிகிறது.

3 கிலோ எடையுள்ள கல்லுக்கு இதைப் பெருக்கிப் பார்த்தால், நாட்டுச் சூளைக்கு அரைக் கிலோ நிலக்கரி, ஜிக்ஜாக்குக்கு 180 கிராம். 20,000 கல் பிடிக்கும் வீடு என்றால் 10 டன்னுக்கும் 3.6 டன்னுக்கும் உள்ள வித்தியாசம். பார்த்தால் இரண்டும் ஒரே சிவப்புக் கல்தான்! மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2022 பிப்ரவரியில் வெளியிட்ட அறிவிக்கை, சூளைகள் ஜிக்ஜாக் அல்லது செங்குத்துச் சூளை முறைக்கோ குழாய்வழி எரிவாயுவுக்கோ மாற வேண்டும் என்று சொன்னதன் பின்னணி இதுதான்.

சுடாத கல் சுத்தமா?

ஃபிளை ஆஷ் கல்லுக்குச் சூளை கிடையாது. அனல்மின் நிலையச் சாம்பல் பயன்படுகிறது, வயல் மண் தப்பிக்கிறது. பெரிய லாபம்தான். ஆனால் கலவையில் 8 முதல் 10 சதவீதம் சிமென்ட் சேர்த்தால், அந்த சிமென்ட்டுக்காக மட்டும் ஒரு கல்லுக்குத் தோராயமாக 250 கிராம் கரியமில வாயு. ஜிக்ஜாக் செங்கல்லுக்குச் சுமார் 310 கிராம், நாட்டுச் சூளைக் கல்லுக்கு 850 கிராம்.

முதல் இரண்டுக்கும் இடைவெளி வெறும் 60 கிராம். ஒரு டன் சரக்கை ஒரு கிலோமீட்டர் கொண்டுபோக லாரி 100 கிராம் கரியமில வாயுவை வெளியிடுவதாக வைத்துக்கொண்டால், 200 கிலோமீட்டரில் அந்த லாபம் கரைந்துவிடும். மேட்டூருக்குப் பக்கத்தில் வீடு கட்டுபவருக்குக் கிடைக்கும் பதில், அனல்மின் நிலையமே இல்லாத ஊர்க்காரருக்குப் பொருந்தாது. இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. சாம்பலைக் ‘கழிவு’ என்பதால் அதற்கு முன்பு வந்த புகையை யாரும் இதில் சேர்ப்பதில்லை. அதில் ஒரு பங்கைச் சாம்பல் மீது எழுதினால் விடையே மாறும்.

ஏஏசி பிளாக்கில் அலுமினியத் தூள் சேர்ப்பதால் கலவை இட்லி மாவு மாதிரி பொங்குகிறது. பிறகு அழுத்த நீராவியில் வேகிறது. சிமென்ட், சுண்ணாம்பு, நீராவி மூன்றுமே கரியமிலச் செலவுதான். வரவும் இருக்கிறது: எடை குறைவு என்பதால் அடுக்குமாடிக் கட்டடத்தில் கம்பியும் கான்கிரீட்டும் மிச்சமாகும். வெப்பத்தையும் எளிதில் கடத்தாது. பல ஆண்டுகள் ஏசி ஓடப்போகும் வீட்டில் இந்த மிச்சம் பெரிது. ஏசியே போடாத வீட்டில் மின்சார மிச்சத்துக்கு வேலை இல்லை.

கணக்கில் வராதது

கோவை தடாகம் பள்ளத்தாக்கை எடுத்துக்கொள்ளுங்கள். செங்கல்லுக்காகச் செம்மண் பல அடி ஆழத்துக்கு வெட்டப்பட்ட இடம். யானைகள் நடமாடும் பகுதியும் அதுவே. அனுமதியில்லாமல் இயங்கிய 180-க்கும் மேற்பட்ட சூளைகள் 2021-ல் மூடப்பட்டன. அங்கே சுட்ட கல்லுக்குக் கிராம் கணக்கில் கரியமில வாயு சொல்லிவிடலாம். திசை மாறிய ஓடையையும் யானை வழியில் விழுந்த பள்ளத்தையும் அந்த எண் காட்டாது. சூளைத் தொழிலாளி சுவாசிக்கும் தூசியும், அவர் வாங்கிய முன்பணக் கடனும் அதில் இல்லை. எல்சிஏ நல்ல கருவிதான். கேட்டதற்கு மட்டுமே பதில் சொல்லும் கருவி.

வாங்கும்போது என்ன கேட்கலாம்?

* சுட்ட கல் என்றால்: எந்த வகைச் சூளை? மண் எங்கே எடுத்தது, அதற்கு அனுமதி உண்டா?
* ஃபிளை ஆஷ் என்றால்: சிமென்ட் எத்தனை சதவீதம்? எத்தனை கிலோமீட்டர் தாண்டி வருகிறது?
* ஏஏசி என்றால்: ஏசி போடும் வீடா? எத்தனை மாடி?
* பழைய வீட்டை இடிக்கிறீர்களா? சுண்ணாம்புச் சாந்தில் கட்டியதாக இருந்தால் செங்கல் பெரும்பாலும் முழுசாகவே கழன்று வரும். மறுபடி சுடத் தேவையில்லாத கல் அதுதான்.

இதற்கெல்லாம் விற்பவரிடம் பதில் இல்லையென்றால், ‘ஈகோ ஃபிரெண்ட்லி’ ஸ்டிக்கருக்காகக் கூடுதல் விலை கொடுக்க வேண்டியதில்லை.