ஜொகூர் பாலம் முதல் தேக்கா வரை

சிங்கப்பூர் என்றவுடன் தோட்ட மக்களின் நினைவுக்கு வருவன தேக்காவின் நகைக்கடைகளும் புடவைக்கடைகளுமே. தீபாவளிக்கு முன் ஒருமுறை அங்குச் சென்றுவர விரும்பாதார் யார்? எனினும், ஜொகூர் பாரு லார்க்கின் நிலையத்தில் 170 ஆம் எண் பேருந்தில் ஏறிச் சன்னலோரம் அமர்வோமாயின், கடைத்தெருவை அடையுமுன்னரே நம் தொழிலின் வரலாற்றைச் சாலையோரத்தில் காணலாம். இப்பேருந்து சற்று மெதுவானதுதான். ஆயினும் பழைய புக்கிட் தீமா சாலை வழியே செல்வது இதுவே என்பதால் இதனையே நாம் பரிந்துரைக்கின்றோம்.

இரு நாட்டுச் சோதனைச் சாவடிகளிலும் மூட்டை முடிச்சுகளுடன் இறங்கி, கடவுச்சீட்டைக் காட்டி, மீண்டும் ஏறவேண்டும். வந்த பேருந்து காத்திராது. அதே எண்ணுள்ள அடுத்த பேருந்தில் ஏறிக்கொள்ளலாம். சிங்கப்பூர் வருகை அட்டையை முன்னதாகவே இணையத்தில் நிரப்பிவிடுதல் நலம். பிள்ளைகளின் பையில் சூயிங்கம் இருந்தால் வீட்டிலேயே வைத்துவிடுங்கள். 1992 முதல் அங்கு அதற்குத் தடை.

ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள ஜொகூர் பாலம் 1924 ஜூன் 28 ஆம் நாள் முறைப்படி திறக்கப்பட்டது. பாலம் என்கிறோமேயன்றி, உண்மையில் இது கடலில் கல்லைக் கொட்டி எழுப்பிய பாதை. அக்கருங்கல் பூலாவ் ஊபினிலும் புக்கிட் தீமாவிலும் வெட்டியெடுக்கப்பட்டது. ஜொகூர் நீரைக் கொண்டுசெல்லும் பெருங்குழாய்களையும் இங்குக் காணலாம். 1942 சனவரி 31 ஆம் நாள், பின்வாங்கிய பிரிட்டிஷ் படை இப்பாதையின் ஒரு பகுதியை வெடிவைத்துத் தகர்த்தது. ஜப்பானியரை அது நெடுநாள் தடுத்து நிறுத்தவில்லை.

அதன் முடிவை மேல் புக்கிட் தீமா சாலையில் காண்கிறோம். அங்குள்ள பழைய ஃபோர்டு கார்த் தொழிற்சாலை 1941 இல் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு பிப்ரவரி 15 ஆம் நாள், ஜெனரல் பெர்சிவல் அக்கட்டடத்தில்தான் யமாஷிதாவிடம் சரணடைந்தார். இன்று அது அருங்காட்சியகம். கார் உருளையின் ரப்பரை நம்பி வாழ்ந்த தோட்டங்களின் விதி, ஒரு கார்த் தொழிற்சாலையிலேயே மாறியது! ரப்பரை வாங்குவாரில்லை, அரிசிக்குப் பஞ்சம். பல்லாயிரம் தோட்டத் தமிழர்கள் சயாம் ரயில்பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். மீளாதோர் மிகப் பலர். உங்கள் குடும்பத்திலும் அத்தகைய பெயர் ஒன்று இருக்கக்கூடும்.

163 மீட்டர் உயரமுள்ள புக்கிட் தீமா குன்றைக் கடந்து, கால்வாயை ஒட்டிச் செல்லும்போது பூமலை வருகிறது. சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவைத் தமிழர் அழைக்கும் பெயர் அதுவே. 1876 இல் பிரேசிலிலிருந்து விதைகள் இலண்டன் கியூ தோட்டத்துக்குச் சென்றன; அவற்றிலிருந்து முளைத்த கன்றுகளுள் 22 அடுத்த ஆண்டு சிங்கப்பூர் வந்தன. சில பேராவின் கோலகங்சாருக்கு அனுப்பப்பட்டன. அக்காலத்து மரம் ஒன்று அங்கு இன்றும் நிற்கிறது.

1888 இல் பூங்காவின் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி, பால்மரத்தைக் கோடரியால் கொத்திக் காயப்படுத்தும் முறையைக் கைவிட்டார். பட்டையை மெல்லியதாகச் சீவி, உட்கட்டை காயம்படாமல், அடுத்த முறை அதே வெட்டின் கீழ்விளிம்பை மீண்டும் சீவினால் மரமும் பிழைக்கும், பாலும் பெருகும் என்று கண்டறிந்தார். இன்று நாம் நிரையில் செய்வது அதுவே அன்றோ! விதைகளைச் சட்டைப் பையில் நிரப்பிக்கொண்டு தோட்ட முதலாளிகளை அவர் வற்புறுத்தினார். காப்பிப் பயிரில் மயங்கியிருந்த அவர்களோ ‘பைத்தியக்கார ரிட்லி’ என்று நகைத்தனர். மலாக்காவின் டான் சே யானோ 1896 இல் துணிந்து பயிரிட்டார். பின்னர்க் காப்பி விலை சரிந்தது, கார்கள் பெருகின, நம் பாட்டனார்கள் கப்பலேறினர். ரிட்லி 1956 இல், நூறு வயதில் மறைந்தார். 2015 இல் யுனெஸ்கோ இப்பூங்காவை உலக மரபுடைமைத் தலமாக ஏற்றது. ரிட்லியின் பெயர் நூல்களில் உண்டு. அம்முறையைக் கைப்பழக்கமாக்கி, மங்கு மங்காகப் பால் சேர்த்தோரின் பெயர்களோ பழைய செக்ரோல் ஏடுகளோடு போயின.

பிறகு தேக்கா. மாட்டு வாணிகம் நடந்த இடம் இது. பஃபலோ சாலை என்னும் பெயர் இன்றும் அதனை நினைவூட்டுகிறது. சந்தை 1982 இல் இப்போதைய கட்டடத்துக்கு மாறியது. சிராங்கூன் சாலையில் சிறிது நடந்தால் வீரமாகாளியம்மன் கோயில். ஜப்பானியர் குண்டுவீச்சின்போது மக்கள் அடைக்கலம் புகுந்த இடம். கேம்பல் லேனில் 2015 இல் திறக்கப்பட்ட இந்திய மரபுடைமை நிலையம் உள்ளது. பிள்ளைகளை அதற்கு அழைத்துச் செல்லாமல் புடவைக்கடையிலேயே பொழுதைப் போக்குவது பெருங்குறை என்போம்.

திரும்பும் பேருந்து குவீன் ஸ்திரீட் நிலையத்திலிருந்து புறப்படுகிறது. வெள்ளி மாலையிலும் விடுமுறை நாள்களிலும் பாலத்தில் நெரிசல் மிகுதி. மறுநாள் விடியலில் பெரட்டுக்கு நிற்க வேண்டியோர் பிற்பகல் மூன்று மணிக்கே கிளம்பிவிடுதல் நன்று.